வெள்ளிக் காசும் வெள்ளை மனமும்

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புவோர் நம் ஊர்ப்புறங்களில் இன்றும் உளர். அவர்களுடைய வெள்ளை மனத்தைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் அந்த வெள்ளை மனத்தையே முதலாக வைத்து வாணிகம் செய்வோர் பெருகிவிட்ட காலம் இது. அண்மையில் நாம் கண்டறிந்த ஒரு நிகழ்ச்சியை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வது நம் கடமை எனக் கருதுகிறோம்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சிற்றூர். பொழுது புலருமுன் ஜீப்பில் ஏறி, மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குச் சென்று, அந்தி சாய்ந்தபின் வீடு திரும்பும் தாய்மார் அங்கே பலர். அவர்களுள் ஒருவர், தம் ஞானமகளின் புதுநன்மை நாளுக்கென்று கூலிப் பணத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தார். மகனின் கைபேசி வழியாக 10 கிராம் எடையுள்ள ஐந்து வெள்ளிக் காசுகளை வரவழைத்தார். கடைவீதி விலையைவிட மிகவும் மலிவு. வந்த காசுகளோ கண்ணைப் பறித்தன.

மகன் படித்தவன். காந்தத்தை வைத்துப் பார்த்தான், ஒட்டவில்லை. காசின் மீது பனிக்கட்டித் துண்டு ஒன்றை வைத்தான், கண்ணெதிரே உருகியது. "அசல் வெள்ளிதாம்மா!" என்றான். தாயின் உள்ளம் குளிர்ந்தது.

சில மாதங்கள் சென்றன. பள்ளிக் கட்டணத்திற்குப் பணம் முடையாகவே, சிறுமியின் தந்தை அக்காசுகளை அடகுக் கடைக்குக் கொண்டு சென்றார். கடைக்காரர் காசின் ஓரத்தை உரைகல்லில் அழுத்தித் தேய்த்தார்; கல்லில் செந்நிறக் கோடு விழுந்தது. "இது செம்புங்கய்யா. மேலேதான் வெள்ளி முலாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பொருள் போனதைக் காட்டிலும் பெரிய இழப்பு அதன்பின் நேர்ந்தது. "தெரிந்தேதான் கொடுத்தாளோ?" என்று ஒரு வீட்டில் பேச்சு எழுந்தது. "கொடுத்த கையையே பழிக்கிறார்களே!" என்று மறு வீடு புலம்பியது. ஒரே தெருவில் வாழும் இரு குடும்பங்கள் முகங்கொடுத்துப் பேசுவதை நிறுத்திக்கொண்டன.

வெள்ளியின் விலை ஏறும்போதெல்லாம் போலிகளும் பெருகுகின்றன. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் ஒரு ட்ராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் வெள்ளி, ஏறத்தாழ 50 டாலரைத் தொட்டது. நாற்பத்தைந்து ஆண்டுகள் கடந்து, 2025 அக்டோபரில் அந்த உயரத்தையும் அது தாண்டியது. செம்பின் விலையோ வெள்ளியின் விலையில் மிகச் சிறு பங்கே. ஆசைக்கு இடமிருக்கும் இடத்தில் வஞ்சகத்திற்கும் இடமிருக்கும் அன்றோ?

காந்தமும் பனிக்கட்டியும்

அந்த மகன் செய்த சோதனைகள் பொய்யானவையா? அல்ல, அவை அரைகுறையானவை. காந்தத்தில் ஒட்டும் காசு வெள்ளியன்று என்பது மெய்யே. இரும்பின் மீது முலாம் பூசிய போலியை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் செம்பு, பித்தளை, ஈயம் ஆகியவையும் காந்தத்தில் ஒட்டுவதில்லையே! எனவே ஒட்டாமை வெள்ளிக்குச் சான்றாகாது.

பனிக்கட்டிச் சோதனையும் அத்தகையதே. வெப்பத்தைக் கடத்துவதில் உலோகங்களுள் முதலிடம் வெள்ளிக்கு. அதற்கு அடுத்த இடம் செம்புக்கு. இவ்விரண்டின் மீதும் பனிக்கட்டி ஏறத்தாழ ஒரே விரைவில் உருகும். கண்ணால் வேறுபாடு காண இயலாது.

உரைகல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. மேலோட்டமாக உரசினால் முலாம்தான் பேசும். உள்ளே இருப்பது பேசாது. நகைக்கடைகளில் எக்ஸ் கதிர் கொண்டு தரம் காட்டும் கருவியும் மேற்பரப்பின் மெல்லிய படலத்தையே காண்கிறது. முலாம் தடிப்பாக இருந்தால் அதுவும் ஏமாறக்கூடும். அமிலச் சோதனை வீட்டில் செய்யத்தக்கதன்று. கையைச் சுடும், காசையும் கெடுக்கும்.

தண்ணீர் சொல்லும் சாட்சியம்

சிரக்கூசு நகரத்து மன்னனின் பொன்முடியில் கலப்படம் உண்டா என்பதை அறிஞர் ஆர்க்கிமிடீஸ் தண்ணீரைக் கொண்டு கண்டறிந்தார் என்னும் கதையை நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். அந்தப் பாடம் இன்றும் நமக்கு உதவும்.

ஒரு கன சென்டிமீட்டர் தூய வெள்ளியின் எடை 10.49 கிராம். அதே அளவு செம்பு 8.96 கிராம், ஈயம் 11.34 கிராம். 'ஜெர்மன் சில்வர்' எனப்படும் உலோகம் 8.6 கிராம் அளவில் நிற்கும். பெயரில் வெள்ளி இருப்பினும் அதில் வெள்ளி அணுவளவும் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் கலவையே அது.

சோதனைக்கு வேண்டியது, நூற்றில் ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு. முதலில் காசை எடைபோட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குவளையைத் தராசில் வைத்து, எண்ணைச் சுழியாக்க வேண்டும். காசை மெல்லிய நூலில் கட்டி, குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி, முழுவதும் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். காற்றுக் குமிழி ஒட்டியிருத்தல் ஆகாது. அப்போது தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால், அதன் அடர்த்தி கிடைத்துவிடும்.

அந்த ஐந்து காசுகளையும் நாம் இரு வீட்டாரின் இசைவோடு ஒரு நகைக்கடைத் தராசுக்கு எடுத்துச் சென்றோம். மொத்த எடை 50 கிராம், அதில் குறையில்லை. தூய வெள்ளியாயின் தண்ணீரில் தராசு 4.77 காட்டியிருக்க வேண்டும். அது காட்டியதோ 5.6. வகுத்தால் 8.9 வருகிறது. செம்பு தன் பெயரைத் தானே சொல்லிவிட்டது.

எடை சரியாக இருந்தும் காசு போலியாக இருப்பது எப்படி என்று சிலர் வினவலாம். செம்பு இலேசானது, ஆகவே அதே எடைக்குக் காசு பருமனாக இருக்கும். அதே நிறுவனத்தின் அசல் காசு ஒன்றுடன் விட்டத்தையும் தடிப்பையும் ஒப்பிட்டாலே ஐயம் பிறக்கும். ஈயத்துடன் வேறு உலோகத்தைக் கலந்து அடர்த்தியைச் சரிக்கட்டும் கைகாரரும் இருக்கலாம். ஆனால் ஈயம் மிகுந்த காசைச் சுண்டினால் வெள்ளிக்குரிய நீண்ட, தெளிந்த ஒலி எழாது, மொத்தென்று அடங்கிவிடும். எடை, அளவு, அடர்த்தி, ஒலி ஆகிய நான்கும் ஒருமித்துச் சொல்வதையே நம்புதல் நன்று.

பழங்காசு என்னும் மயக்கம்

'விக்டோரியா ராணி காசு' என்று விற்கப்படுவனவற்றிலும் போலிகள் மலிந்துள்ளன. 1835 முதல் 1939 வரையில் வெளியான ரூபாய், 11.66 கிராம் எடையுடையது; பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அடர்த்தி 10.3 அளவில் இருக்கும். தேய்ந்த காசில் எடை குறையும். ஆனால் அடர்த்தி குறையாது. 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947-ஆம் ஆண்டு ரூபாயோ முழு நிக்கல், காந்தத்தில் ஒட்டும். அதை வெள்ளி என்று விற்பவர் அறியாதவராகவோ வஞ்சகராகவோதான் இருக்க வேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்னும் ஆண்டும் இராமர் பட்டாபிடேக உருவமும் பொறித்த காசுகளையும் பெருவிலைக்கு விற்கின்றனர். கம்பெனி அத்தகைய நாணயம் எதையும் புழக்கத்திற்கு விட்டதில்லை. அவை பிற்காலத்து வார்ப்புகளே. 'அரிசியை இழுக்கும் இருடியம் காசு' என்னும் புரட்டை நம்பித் தமிழகத்தில் சொத்திழந்த குடும்பங்களும் உண்டு. ஆசையை மூட்டும் கதை எவ்வளவு நீளமோ, ஐயமும் அவ்வளவு நீள வேண்டும்.

அரசு வெளியிடும் நினைவு நாணயங்களிலும் விளம்பரத்தைப் படித்தறிதல் வேண்டும். 2023-இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தையொட்டி வெளியான 75 ரூபாய் நாணயம் 35 கிராம் எடையுடையது. அதில் வெள்ளி பாதியே. அரசு அதை மறைக்கவில்லை. மறைத்து விற்பவர் இடைத்தரகரே.

வாங்குமுன்னும் வாங்கியபின்னும்

1. அன்றைய வெள்ளி விலையை முதலில் அறிக. காசு செய்யும் கூலியும் வரியும் சேர்ந்தால் விலை அதற்கு மேல்தான் இருக்கும். அதற்கும் குறைவாக ஒருவர் தருகிறார் எனில், அவர் தருவது வெள்ளியன்று.

2. விளம்பரத்தின் சிறிய எழுத்துகளையும் படிக்க. 'சில்வர் பிளேட்டட்', 'சில்வர் கோட்டட்', 'சில்வர் ஃபினிஷ்', 'ஜெர்மன் சில்வர்' ஆகிய யாவும் வெள்ளி அல்லாதவற்றின் பெயர்கள்.

3. வெள்ளி நகைகளுக்கும் பொருள்களுக்கும் ஆறு எழுத்தெண் கொண்ட தனி அடையாளத்துடன் கூடிய ஹால்மார்க் முத்திரை 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பி.ஐ.எஸ். கேர் என்னும் கைபேசிச் செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். இது கட்டாயமன்று, ஆகவே முத்திரை இல்லாததாலேயே ஒரு பொருளைப் போலி என்று முடிவு செய்தலும் தவறு.

4. பொதியைப் பிரிக்கும்போதே கைபேசியில் படம் பிடித்து வைக்க. இரசீதை அழிக்கலாகாது. அன்றே எடையும் அடர்த்தியும் பார்த்துவிடுக. திருப்பி அனுப்பும் கெடு சில நாள்களில் முடிந்துவிடும்.

5. ஏமாந்தால் வாளாவிருத்தல் வேண்டா. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்திற்குள் பெற்றுக்கொண்டதாக அறிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; இணையவழிப் பண மோசடிக்கு 1930. விற்றவர் எந்த ஊரினராயினும், நாம் வாழும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. ஐந்து இலட்ச ரூபாய் வரை கட்டணமும் இல்லை.

அந்தத் தாய்க்குப் பணம் திரும்பவில்லை. விற்றவரின் பெயர் அதற்குள் அத்தளத்திலிருந்தே மறைந்துவிட்டது. ஆனால் மகனின் கைபேசியில் இரசீது மறையாமல் இருந்தது. அவர் கொடுத்த தொகையும், 'தூய வெள்ளி' என்று விற்றவர் எழுதிய சொற்களும் அதில் தெளிவாக இருந்தன. சிறுமியின் பெற்றோர் அதை இருமுறை படித்தனர். பின்னர் அந்தத் தந்தையே எழுந்து சென்று, "அக்கா, எங்களை மன்னிச்சிடுங்க" என்றார்.

காசு செம்புதான். ஆனால் அதைக் கொடுத்த மனத்தில் கலப்படம் இல்லை. ஆகவே, போலிக் காசு ஒன்று நம் கைக்கு வருமாயின், அதைக் கொடுத்தவரை ஐயுறுமுன், அது அவர் கைக்கு வந்த வழியைக் கேட்டறிவோமாக.