உப்பும் வெல்லமும் நீரும்

வயிற்றோட்டத்தால் இறக்கும் குழந்தையை நோய்க்கிருமி நேரே கொல்வது அரிது. உடலிலுள்ள நீரும் உப்பும் வெளியேறுதலே பெரும்பாலும் அதன் உயிரைப் போக்குகின்றது. வளர்ந்தவரினும் குழந்தையின் உடலில் நீரின் பங்கு மிகுதி. உடலோ மிகச் சிறிது. ஆகவே பெரியவர் ஒருவர் தாங்கக்கூடிய இழப்பை ஒரு வயதுக் குழந்தை தாங்கமாட்டாது. முதலில் வாய் வறளும், அழுதாற் கண்ணீர் வராது, கண்கள் குழியும், உச்சிக்குழி தாழும், வயிற்றுத் தோலை இரு விரலாற் பற்றி விட்டால் அது உடனே தன்னிலை அடையாது. பின்னர்ச் சோர்வும் மயக்கமும் தொடரும். வாந்திபேதி எனப்படும் கொலராவில் இவையனைத்தும் சில மணி நேரத்துள் நிகழ்ந்துவிடுதலும் உண்டு.

இவ்வுண்மையை மருத்துவ உலகம் நெடுங்காலத்துக்கு முன்னரே அறிந்திருந்தது. ஐரோப்பாவிற் கொலரா பரவிய 1831, 1832 ஆம் ஆண்டுகளில் ஓ'ஷாக்னசி என்னும் இளம் வைத்தியர் நோயாளரின் குருதியை ஆராய்ந்து, அதில் நீரும் உப்புக்களும் குன்றியிருத்தலைக் கண்டார். அதனைக் கேள்வியுற்ற தோமஸ் லற்றா என்பார் 1832 இல் ஸ்கொத்லாந்தில் உப்புநீரை நோயாளரின் நாளத்தின் வழியே செலுத்தினார். இறக்குந் தறுவாயில் இருந்தோர் சிலர் எழுந்து அமர்ந்தனர். ஆயினும் அக்காலத்து நீரும் ஊசியும் தூய்மையற்றன; பலர் பின்னர் இறந்தனர்; அம்முறை பல்லாண்டு மறக்கப்பட்டுக் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டில் அது செப்பமுற்றபோதும், கிருமி நீக்கிய நீர், ஊசி, கட்டில், பயிற்சிபெற்ற கை ஆகிய நான்கும் ஒருங்கே வேண்டியிருந்தன. குழந்தைகள் மிகுதியாக இறந்த சிற்றூர்களில் இந்நான்கில் ஒன்றேனும் இல்லை.

அவ்வூர்களில் தாய்மார் செய்தது யாது? நீர் கொடுத்தாற் பேதி பெருகும் என்றெண்ணி நீரை நிறுத்தினர். சிலர் முலைப்பாலையும் நிறுத்தினர். இதனைப் பாமரரின் அறியாமை என்று எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் குடலுக்கு ஓய்வு வேண்டும் என்று கூறி, உணவையும் பானத்தையும் நிறுத்திய மேனாட்டு வைத்தியசாலைகளும் அக்காலத்தில் இருந்தன. கற்றோரும் கல்லாதாரும் ஒரே பிழையை வெவ்வேறு காரணங் கூறிச் செய்தனர் என்பதே பொருந்தும்.

வெறும் நீரைக் குடிப்பித்தால் அது குடலில் நில்லாது போவதே இவ்வெண்ணத்துக்கு ஆதாரமாயிற்று. உப்புநீரும் அவ்வாறே. இதற்கு விடை உடலியலிலிருந்து வந்தது. 1960 இல் பிராக் நகரில் நடந்த கூட்டமொன்றில் அமெரிக்க உயிரிரசாயன அறிஞர் றொபேட் கிரேன், குடற் சுவரின் கலங்களிற் சோடியமும் குளுக்கோசும் ஒன்றையொன்று துணைக்கொண்டே உட்புகுகின்றன என்னும் கருத்தை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்து வந்தாற் கதவு திறக்கும்; அவை உட்சென்றதும் நீர் தானே அவற்றைப் பின்தொடரும். கொலராக் கிருமியின் நஞ்சு குடலிலிருந்து நீரை வெளியே இறைக்கும் வழியைத் திறந்துவிடுகின்றதேயன்றி, உள்ளே இழுக்கும் இக்கதவைப் பழுதாக்குவதில்லை. பேதி நடந்துகொண்டிருக்கும்போதே, இழந்த நீரை வாய்வழியாக மீட்கலாம் என்பது இதனாற் பெறப்படும். உப்பு மட்டும் போதாது. இனிப்பும் அளவோடு சேர்தல் வேண்டும்.

காரணம் விளங்குமுன்னரே காரியத்தைக் கண்டவர் ஒருவரும் உளர். கல்கத்தாவைச் சேர்ந்த வைத்தியர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிப்பித்து 186 கொலரா நோயாளரைக் குணப்படுத்தியதை 1953 இல் இலண்டன் 'லான்செற்' இதழில் எழுதினார். கற்பூரவள்ளி இலைச் சாற்றையும் அவர் உடன் கொடுத்தார். ஒப்புநோக்க வேறொரு நோயாளர் குழு அவரிடம் இல்லை என்பதும், அளவுகள் நுணுக்கமாகப் பதியப்படவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் கல்கத்தாவிலிருந்து வந்த சொல்லுக்கு அன்றைய அறிஞர் உலகம் அதிகம் செவிசாய்க்கவில்லை என்பதையும் மறுத்தற்கில்லை. டாக்காவிலிருந்த கொலரா ஆராய்ச்சி நிலையத்தில் டேவிட் நலின், றிச்சட் காஷ் ஆகியோர் றபீக்குல் இஸ்லாம், மஜீத் மொல்லா முதலிய தோழருடன் அளந்து நடாத்திய ஆய்வு 1968 இல் அதே இதழில் வெளிவந்த பின்னரே ஐயம் நீங்கத் தொடங்கிற்று. வாய்வழிக் கரைசல் கொடுக்கப்பட்டோருக்கு நாளத்தின் வழியே செலுத்தவேண்டிய நீர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

ஆனால் அது வைத்தியசாலைக் கட்டிலில், வைத்தியர் கண்முன், பெரியோருக்குச் செய்த ஆய்வு. கட்டிலும் வைத்தியரும் இல்லாவிடத்து என்னாகும் என்பதை 1971 ஆம் ஆண்டு போர் காட்டியது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் அகதிகளாகப் புகுந்தனர். மழைக்காலம், கொலரா பரவியது. எல்லையை அடுத்த பொங்காவோன் என்னும் சிற்றூரின் சிறு வைத்தியசாலைக்கு, கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த குழந்தை வைத்தியர் திலிப் மகலனபிஸ் அனுப்பப்பட்டார். அங்கே இரு அறைகளிலும் நோயாளர் தரையிற் கிடந்தனர். கழிவில் முழங்காலூன்றியே ஊசி ஏற்றவேண்டியிருந்தது. சேலைன் போத்தல்கள் தீர்ந்துகொண்டிருந்தன.

அவர் துணிந்து செய்தது இது: சமையல் உப்பு, சோடாமா, குளுக்கோசு ஆகிய மூன்றையும் கல்கத்தாவில் நிறுத்துப் பொலித்தீன் பைகளில் அடைப்பித்தார். ஓர் இலீற்றர் நீருக்கு உப்பு 3.5 கிராம், சோடாமா 2.5 கிராம், குளுக்கோசு 22 கிராம் என்பது கணக்கு. பெரிய பீப்பாய்களிற் கரைத்து, குழாய் பொருத்தி, நோயாளரின் தாய் தந்தையரும் உறவினருமே குவளையில் ஏந்திச்சென்று ஊட்டுமாறு விட்டார். மிக மோசமானோர்க்கு மட்டும் முதலில் ஊசி. நீர் மருந்தாகுமோ என்று மக்கள் ஐயுற்றபோது, இது வாயாற் குடிக்கும் சேலைன் என்று கூறப்பட்டது. சேலைன் என்ற பெயருக்கு மதிப்பு இருந்தது. அம்முகாமில் முன்னர் நூற்றுக்கு 30 அளவில் இருந்த மரணம் நூற்றுக்கு 3.6 ஆகக் குறைந்தது. அவர் கட்டுரையைச் சில அறிஞர் முதலில் நம்பவில்லை. அது 1973 இலேயே அச்சேறியது. எழுத்தறியா உறவினர் கையில் மருந்தை ஒப்படைப்பதா என்பதே அவர்தம் தடை. 2022 இல் மகலனபிஸ் காலமானபோதும் அவர் பெயரைப் பொதுமக்களிற் பலர் அறிந்திலர்.

உலக சுகாதார தாபனமும் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியமும் எழுபதுகளிற் பொதிகளை வழங்கத் தொடங்கின. இலங்கையில் ஜீவனி என்னும் பெயரில் இல்லங்களில் அறிமுகமான பொதி அவ்வழி வந்ததே. ஆயினும் சாலையில்லாத ஊருக்குப் பொதி எவ்வாறு செல்லும்?

இவ்வினாவுக்குப் பங்களாதேசத்திற் பசில் ஹசன் ஆபெத் நிறுவிய 'பிராக்' என்னும் தொண்டு நிறுவனம் விடை தேடிற்று. ஒவ்வொரு வீட்டிலும் உப்பு உண்டு. 'குர்' எனப்படும் வெல்லம் உண்டு. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர். இதுவே பாடம். 1980 முதல் 1990 வரை பெண் ஊழியர் குழுக்கள் ஊரூராக நடந்து, ஒரு கோடி இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் தாய்மாருக்கு இதனைக் கற்பித்தன. உப்பு மிகுந்தாற் குழந்தைக்கு நஞ்சாகும். ஆதலால் தாய் தன் கையாலேயே கலந்து காட்டவேண்டும். சில வாரம் கழித்து வேறொருவர் வந்து, சில வீடுகளைத் தெரிந்தெடுத்து, தாயிடம் வினவி, அவள் கலந்த நீரை ஆய்வுகூடத்திற் சோதிப்பார். தாய் எவ்வளவு நன்கு கற்றாளோ அவ்வளவே கற்பித்தவளுக்கு ஊதியம். ஆசிரியத் தொழிலில் உள்ளோருக்கு இம்முறை சற்றுக் கலக்கந் தருதல் கூடும். மாணவனின் நினைவே ஆசிரியனின் சம்பளத்தை நிர்ணயிப்பது எளிய நிபந்தனையன்று.

தொடக்கத்தில் ஒரு வியப்பு நேர்ந்தது. தாய்மார் பாடத்தைப் பிழையின்றி ஒப்புவித்தனர். ஆனால் குழந்தைக்குப் பேதி வந்தபோது பத்தில் ஒரு வீட்டிலும் அந்நீர் பயன்படவில்லை. ஆராய்ந்தபோது, கற்பித்த ஊழியர் சிலரே அதனை நம்பாதிருந்தமை தெரியவந்தது. குடலில் நீர் எவ்வாறு உட்செல்கின்றது என்பது பின்னர் அவர்களுக்கு விளக்கப்பட்டது. தமக்கு நோய் வந்தபோது தாமே குடித்துப் பார்க்குமாறும் கூறப்பட்டது. வீட்டு முடிவுகளில் ஆண்களின் சொல் செல்லுதலால் சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் அவர்களுக்கும் எடுத்துரைக்கப்பட்டது. அதன் பின்னரே வழக்கம் வேரூன்றியது. இக்காலத்து அந்நாட்டில் வயிற்றோட்டமுற்ற குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர்க்குப் பொதிக் கரைசல் கிடைக்கின்றது. 1990 இல் ஆயிரம் பிறப்புக்கு 145 அளவில் இருந்த ஐந்து வயதுக்குட்பட்டோர் மரணம் இன்று 30 அளவில் உள்ளது. தடுப்பூசி, பெண் கல்வி, சிறு குடும்பம் முதலியனவும் இதற்குத் துணைநின்றன. அனைத்தையும் உப்புநீரின் கணக்கில் எழுதுதல் தவறு.

கரைசலும் திருந்தியுள்ளது. 2002 இல் உப்பும் குளுக்கோசும் குறைக்கப்பட்ட புதிய அளவு விதிக்கப்பட்டது. 2004 முதல் நாகச் சத்தைப் பத்து முதற் பதினான்கு நாள் கொடுத்தலும் சேர்க்கப்பட்டது. முலைப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது என்பது உறுதியாயிற்று. எனினும் 2021 இல் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நான்கு இலட்சத்துக்கு மேல் வயிற்றோட்டத்தால் இறந்தனர். நோயுற்றோரிற் பாதிப்பேருக்கும் இக்கரைசல் கிட்டவில்லை. இந்தியாவின் கர்நாடகம், பீகார் மாநிலங்களில் நடாத்தி 2024 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று இதற்கு ஒரு காரணத்தைக் காட்டிற்று. வைத்தியர்கள் கரைசலின் பயனை அறிவர். ஆனால் வந்தவர் அதனை விரும்பார், வேறு மருந்தையே எதிர்பார்ப்பர் என்று தாமே கருதி எழுதாது விடுகின்றனர். குழந்தையைக் கொண்டுவந்தவர் உப்புக் கரைசலையே விரும்புவதாக வாய்திறந்து சொன்னவிடத்து, அதனை எழுதிக் கொடுத்த வைத்தியர் தொகை தெளிவாகக் கூடியிருந்தது.