தண்டு வாங்கப் போகிறீர்களா? அளந்து வாங்குங்கள்!

நீடாமங்கலம் அருகே வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது. வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு ஆகியவையே அந்த மூன்று. அந்த இடத்துக்கு மூணாறு தலைப்பு என்று பெயர். மேட்டூர்த் தண்ணீர் அங்கே வந்துவிட்டால் உழவர் வீட்டில் தூக்கம் ஏது?

ஒரு காலத்தில் காளைகள் சேற்றை உழுதன. இன்று டிராக்டருக்குப் பின்னால் ரோட்டவேட்டர் சுழல்கிறது. அதைச் சுழற்றுவது எது? நடுவே ஓடும் ஓர் இரும்புத் தண்டு! பட்டறையில் அதைக் "கார்டன் ஷாப்ட்" என்பார்கள். தோட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 16-ம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த கார்டானோ என்ற அறிஞரின் பெயர்தான் அது.

வளைந்து சுழலும் மூட்டு

தண்டின் இரு முனையிலும் கூட்டல் குறி போன்ற சிலுவை உண்டு. அதுதான் மூட்டு. ரோட்டவேட்டர் மேலும் கீழும் ஆடினாலும் தண்டு சுழல்வது அதனால்தான். ஆனால் சாய்வு அதிகமானால் ஆபத்து. தண்டு உதறும். சிலுவை தேய்ந்து ஒடியும். ஆகவே வரப்போரம் திரும்பும்போது, தண்டின் சுழற்சியை நிறுத்திய பிறகே ரோட்டவேட்டரைத் தூக்க வேண்டும்.

ஜீப்புக்கு அடியிலும் இப்படி ஒரு தண்டு உண்டு. சகதியில் ஓட்டுவதற்காக ஜீப்பை உயர்த்திக் கட்டினால் சாய்வும் நீளமும் மாறிவிடும். பழைய தண்டு ஒத்துவராது.

எப்படி வாங்குவது?

"பக்கத்து வீட்டுக்காரர் வாங்கியதையே கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். அவர் டிராக்டர் வேறு, உங்கள் டிராக்டர் வேறு.

தண்டு என்பது ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள். ரோட்டவேட்டரை மாட்டி, மெதுவாகத் தூக்கி இறக்கிப் பாருங்கள். இரு முனைகளும் மிக நெருங்கும் நிலையிலும் குழாய்க்கு ஓர் அங்குலம் இடம் மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் தண்டு முட்டும், பேரிங் உடையும். மிக விலகும் நிலையிலும் குழாயில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடும்போதே கழன்று விசிறி அடிக்கும்.

நீளம் மிகுந்தால் இரண்டு குழாய்களையும் ஒரே அளவு வெட்டச் சொல்லுங்கள். மேல்மூடியையும் அதே அளவு வெட்ட வேண்டும். மாட்டும்போது, தண்டின் இரண்டு முனைக் கவைகளும் ஒரே வாட்டத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

மூடி எதற்கு?

கிரீஸ் வைக்க இடைஞ்சல் என்று பலர் மூடியைக் கழற்றி எறிகிறார்கள். இதைவிடப் பெரிய தவறு இல்லை!

தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுழலும். அதாவது விநாடிக்கு 9 முறை! இரண்டு அங்குலக் கனமுள்ள தண்டு, நாலு முழ வேட்டியைச் சுருட்டி விழுங்க ஒன்றரை விநாடி கூட ஆகாது. "ஐயோ" என்று சொல்லக்கூட நேரம் இராது. துண்டு, சேலை முந்தானை, பெண்களின் கூந்தல் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

ஆகவே மூடி உடைந்தால் உடனே புதியது போடுங்கள். பிள்ளைகளை அருகே விடாதீர்கள். சிக்கிய புல்லை எடுக்க வேண்டுமா? இஞ்சினை நிறுத்துங்கள். சாவியை மடியில் செருகிக்கொள்ளுங்கள். தண்டு அடங்கி நின்ற பிறகு கை வையுங்கள்.

தண்டு போனால் வேறு வாங்கலாம். கை போனால்?