ராகி மாவில் நிலாக் குழிகள்

1892-இல் அமெரிக்கப் புவியியலாளர் குரோவ் கார்ல் கில்பர்ட், வாஷிங்டனில் உள்ள கடற்படை வானாய்வகத்தின் தொலைநோக்கி வழியாக நிலவைப் பல இரவுகள் உற்றுப் பார்த்தார். நிலவெங்கும் வட்ட வட்டமாகக் குழிகள். அவை அணைந்துபோன எரிமலைகளின் வாய்கள் என்றே அன்றைய அறிஞர்களில் பெரும்பாலோர் நம்பினார்கள். கில்பர்ட்டுக்கு அது மனத்தில் ஒட்டவில்லை. விண்ணிலிருந்து கற்கள் வந்து மோதியதால் ஏற்பட்ட குழிகளாக அவை ஏன் இருக்கக் கூடாது? விடை தேட அவர் களிமண்ணைப் பிசைந்து உருண்டை பிடித்தார். களிமண் பரப்பின் மீதே அவற்றை எறிந்து, விழுந்த குழியின் வடிவத்தைப் பார்த்தார். மோதல்தான் காரணம் என்ற முடிவுக்கு வந்து, அடுத்த ஆண்டே அதை எழுதி வெளியிட்டார். அவர் சொன்னதை அறிவியல் உலகம் முழுமையாக ஏற்றுக்கொள்ள அப்பல்லோ காலம் வரை ஆனது.

கையில் கிடைத்ததைக் கீழே போடுவது, என்ன ஆகிறதென்று பார்ப்பது, மறுபடியும் போடுவது: மூன்று, நான்கு வயதுக் குழந்தை உலகைக் கற்றுக்கொள்வதும் இப்படித்தான். ஆகவே விண்வெளியைப் பற்றிச் சொல்லித் தர இந்த வயது போதாது என்று தயங்க வேண்டியதில்லை. சொல்லித் தரும் முறையைத்தான் மாற்ற வேண்டும். எல்.கே.ஜி. வகுப்புச் சுவரில் சூரியனும் எட்டுக் கோள்களும் வரிசையாக நிற்கும் சார்ட் தொங்குகிறது. பெயர்களை வரிசை மாறாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்கு ஆண்டு விழாவில் கைதட்டல் கிடைக்கிறது. அந்தப் பிள்ளை நேற்று நிலா எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்திருக்காது. முதலில் பார்க்கட்டும், தொடட்டும், செய்து பார்க்கட்டும். பெயர்கள் பின்னால் தாமே வரும்.

சொன்னால் மட்டும் போதுமா?

'பூமி உருண்டை' என்று சொல்லிவிட்டால் குழந்தைக்குப் புரிந்துவிடும் என்று நினைக்கிறோம். ஸ்டெல்லா வோஸ்னியாடூ, வில்லியம் புரூவர் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்கத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளிடம் பேசி, 1992-இல் வெளியிட்ட ஆய்வு அப்படி இல்லை என்று காட்டியது. பூமி வட்டம்தான் என்று சொன்ன பிள்ளைகளில் சிலர் மனத்தில் இருந்தது தட்டையான வட்டத் தட்டு. சிலர், பூமி உள்ளே குடைந்த உருண்டை என்றும் நாம் அதன் உள்ளே தட்டையான தரையில் வாழ்கிறோம் என்றும் கருதினார்கள். வேறு சிலருக்கு இரண்டு பூமிகள்: நாம் நிற்கும் தரை ஒன்று, வானத்தில் உருண்டையாக இருப்பது இன்னொன்று. பிறகு ஹைதராபாத்தில் இதே போன்ற ஆய்வு நடந்தபோது, பூமி தண்ணீரின் மேல் இருப்பதாகச் சொன்ன குழந்தைகளும் இருந்தார்கள்.

இந்தப் பிள்ளைகள் யாரும் மக்கு இல்லை. காதால் கேட்டதையும் கண்ணால் பார்த்ததையும் பொருத்திப் பார்த்து, தங்களுக்கு நியாயமாகப் பட்ட ஓர் உலகத்தைக் கட்டிக்கொண்டார்கள். கண்ணும் கையும் கண்டறிந்த அனுபவம் கூடக்கூட, அந்த உலகம் திருந்திக்கொண்டே போகும். அதனால் கண்ணுக்கே தெரிகிற நிலவிலிருந்து தொடங்குவது நல்லது.

தாம்பாளமும் கோலியும்

விளிம்பு உயர்ந்த ஒரு தாம்பாளத்தில் அரிசி மாவை இரண்டு விரல்கடை ஆழத்துக்குக் கொட்டி, லேசாகத் தட்டிச் சமன் செய்யுங்கள். அதன் மேல் ராகி மாவைச் சல்லடையில் சலித்து, வெள்ளை தெரியாதபடி மெல்லிய போர்வையாகத் தூவுங்கள். வண்டு விழுந்த பழைய மாவே போதும். மாவைக் கொட்ட மனம் வராதவர்கள் உலர்ந்த மணலையும் செங்கல் தூளையும் எடுத்துக்கொள்ளலாம். தாம்பாளத்தைத் தரையில் வைத்து, ஒரு கோலியைக் குழந்தையின் கையில் கொடுங்கள். "போட்டா என்ன ஆகும், சொல்லு பார்க்கலாம்?" என்று கேட்டுவிட்டு, அது ஏதாவது ஒன்றைச் சொல்லும்வரை காத்திருங்கள்.

கோலி விழுந்ததும் நடப்பதைக் கவனியுங்கள். குழி கோலியைவிட அகலமாக இருக்கும். அதைச் சுற்றி மாவு மேடு கட்டியிருக்கும். அடியிலிருந்த வெள்ளை மாவு தெறித்து, பழுப்பு நிறத்தின் மேல் நாலாபுறமும் கோடுகளாக ஓடியிருக்கும். இதே கோடுகளைப் பௌர்ணமி நிலவிலும் பார்க்கலாம். நிலவின் தென்பகுதியில் டைக்கோ என்ற 85 கி.மீ. அகலக் குழி இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் வெண்ணிறக் கோடுகள் 1,000 கி.மீ.க்கும் அப்பால் நீள்கின்றன. சாதாரண பைனாகுலர் இருந்தால் போதும், குழந்தைக்கே காட்டிவிடலாம்.

அடுத்து, ஸ்டூல் மேல் நிற்கவைத்துப் பிடித்துக்கொண்டு, உயரத்திலிருந்து போடச் சொல்லுங்கள். பிறகு கோலிக்குப் பதில் எலுமிச்சம்பழம். பிறகு சாய்வாக எறியட்டும். சாய்வாக எறிந்தால் குழி நீளவாட்டில் வரும். கில்பர்ட்டைக் குழப்பியதும் இதுதான். விண்கற்கள் எல்லாத் திசையிலிருந்தும் வந்திருக்குமே, நிலவில் மட்டும் ஏன் ஏறக்குறைய எல்லாக் குழிகளும் வட்டம்? விடை வேகத்தில் இருக்கிறது. விண்கல் நொடிக்கு 20 கி.மீ. போன்ற வேகத்தில் மோதுகிறது. அந்த வேகத்தில் அது தரையைத் தோண்டுவதில்லை, வெடிக்கிறது. வெடிப்பு எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுவதால் குழி வட்டமாகிறது. அப்பல்லோ பயணங்களுக்கு முன்பு நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம் இதற்கென்றே ஒரு துப்பாக்கியை அமைத்து, சிறு குண்டுகளை மணல் போன்ற பரப்பில் சுட்டு ஆராய்ந்தது. நான்கு வயதுக் குழந்தைக்கு இந்த விளக்கம் வேண்டாம். மேலேயிருந்து போட்டால் குழி பெரிதாகிறது என்று அதுவே கண்டுபிடித்தால் போதும்.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. தாம்பாளத்தை அப்படியே விட்டுவிட்டு, வெளியே மணலில் கோலியைப் போட்டு, விழுந்த குழி மீது பூவாளியால் மழை பொழியச் சொல்லுங்கள். சற்று நேரத்தில் குழி கரைந்து மட்டமாகிவிடும். பூமியிலும் விண்கற்கள் விழுந்திருக்கின்றன. மகாராஷ்டிரத்தின் லோணார் ஏரி அப்படி உண்டான 1.8 கி.மீ. அகலக் குழிதான். ஆனால் இங்கே மழையும் காற்றும் ஆறுகளும் பெரும்பாலான தடயங்களை அழித்துவிடுகின்றன. நிலவில் மழையும் இல்லை, காற்றும் இல்லை. அதனால் குழிகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் அப்படியே கிடக்கின்றன.

காரை ஓட்டு, குழியில் விழாதே

குழி விழுந்த தாம்பாளத்தைக் கலைத்துவிடாதீர்கள். ஒரு பொம்மைக் காரைக் கொடுத்து, குழியில் விழாமல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓட்டச் சொல்லுங்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்துருவத்துக்கு அருகில் இறங்கியது. அதிலிருந்து வெளியே வந்த பிரக்யான் ரோவர், நான்காம் நாள் 4 மீட்டர் அகலக் குழி ஒன்றின் எதிரே போய் நின்றது. பெங்களூரில் இருந்த விஞ்ஞானிகள் அதைத் திருப்பி வேறு வழியில் போகச் சொன்னார்கள். குழந்தையின் விரல்கள் இப்போது செய்வதும் அதே வேலைதான்.

சந்திரயானும் நம் ஊர் மண்ணில் பழகிவிட்டுத்தான் போனது. நிலவின் மேட்டு நிலங்களில் அனார்த்தசைட் என்ற பாறை நிறைந்திருக்கிறது. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைக்கிறது. இஸ்ரோ அதை எடுத்துச் சென்று பொடியாக்கி, நிலவின் மண்ணுக்கு ஈடான மண்ணைத் தயாரித்தது. பெங்களூரில் அந்த மண்ணைப் பரப்பித்தான் லேண்டரையும் ரோவரையும் சோதித்தார்கள். தாம்பாளத்தில் கார் ஓட்டும் பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

காலையில் தெரியும் நிலா

அமாவாசைக்குப் பிறகு வரும் மூன்றாம் பிறை அன்று, சூரியன் மறைந்ததும் குழந்தையை மொட்டை மாடிக்கோ தெருவுக்கோ அழைத்துப் போய் மேற்கே காட்டுங்கள். கறுப்புத் தாளும் வெள்ளைச் சாக்பீஸும் கொடுத்து, பார்த்ததை வரையச் சொல்லுங்கள். நாள்தோறும் ஒரு படம் என்று சுவரில் ஒட்டி வந்தால், பௌர்ணமிக்குள் நிலா வளர்ந்த கதை வரிசையாக நின்றுவிடும்.

வெளிநாட்டுப் படப் புத்தகங்களில் பிறை நின்ற வாக்கில் இருக்கும். பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள நமக்கு, மாசி, பங்குனி மாதங்களில் அது படகு மிதப்பது போல ஏறக்குறையப் படுத்த வாக்கில் தெரியும். மற்ற மாதங்களில் ஒரு பக்கம் சாயும். பிள்ளை படகாக வரைந்தால், புத்தகத்தைக் காட்டித் திருத்த வேண்டாம். அது கண்டதைத்தான் வரைந்திருக்கிறது.

பௌர்ணமி கழிந்ததும் பலரும் இதை நிறுத்திவிடுகிறார்கள். நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிப்பதால், சில நாட்களிலேயே குழந்தை தூங்கும் நேரத்தைத் தாண்டிவிடுகிறது. ஆனால் அந்த நாட்களில் காலை ஏழரை மணிக்கு, பள்ளிக்குப் புறப்படும்போது, மேற்கு வானில் வெளுத்த நிலா நின்றுகொண்டிருக்கும். நிலா இரவில் மட்டும்தான் வரும் என்று நம்பிக்கொண்டிருந்த பிள்ளைக்கு இது பெரிய செய்தி. பள்ளி வேனில் ஏறுவதற்குள் ஒரு நிமிடம் ஒதுக்கினால் போதும்.

"அம்மா, நிலா என்கூடவே வருது!" என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரு நாள் சொல்வார்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே, நூறு ஆண்டுகளுக்கு முன்பே குழந்தைகளிடம் இதைக் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார். இல்லை என்று மறுக்காமல் இதையும் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு பிள்ளைகளைத் தெருவின் நடுவில் நிறுத்தி, ஒருவரைக் கிழக்கேயும் மற்றவரை மேற்கேயும் நடக்கச் சொல்லுங்கள். இருவரும் "என்கூடத்தான் வந்துச்சு" என்பார்கள். ஒரே நிலா இரண்டு பக்கமும் எப்படிப் போகும்? பக்கத்து மின்கம்பம் பின்னால் போகிறது, தூரத்துக் கோபுரம் மெல்ல நகர்கிறது, நிலா நகரவே இல்லை. வெகு தூரத்தில் இருப்பது அப்படித்தான் தெரியும் என்ற உண்மையை அவர்கள் நெருங்கிவிடுவார்கள். அன்றைக்கே முழுதாகப் புரிய வேண்டும் என்பதில்லை.

ஒரு கடுகும் ஒரு கால்பந்தும்

கோள்களின் சார்ட்டில் பூமியும் நிலவும் ஒட்டி நிற்கின்றன. சூரியன் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. இதைச் சரிசெய்யச் சமையலறையில் உள்ள பொருளே போதும். 2 மி.மீ. அகலக் கடுகு ஒன்றைப் பூமி என்று வைத்துக்கொண்டால், நிலா அரை மி.மீ. ரவைத் துணுக்கு. கடுகிலிருந்து அதை 6 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். சூரியன் 22 செ.மீ. கால்பந்து. கடுகுக்கும் கால்பந்துக்கும் இடையே ஏறத்தாழ 24 மீட்டர். கால்பந்தைப் பள்ளி மைதானத்தின் ஒரு முனையில் வைத்துவிட்டு, கடுகை உள்ளங்கையில் ஏந்தி அடி எண்ணிக்கொண்டே நடப்பது பிள்ளைகளுக்குத் திருவிழா. வியாழன் இந்தக் கணக்கில் 2 செ.மீ.க்குச் சற்றுப் பெரிய நெல்லிக்காய். 120 மீட்டர் தாண்டிப் போக வேண்டும் என்பதால் அதைப் பெரியவர்கள் யாராவது கொண்டு போகட்டும். சூரியனுக்கு மிக அருகில் உள்ள அடுத்த விண்மீனை வைக்க, சென்னையிலிருந்து டோக்கியோ அளவு தூரம் போக வேண்டும். 24 மீட்டரைக் காலால் அளந்த பிள்ளைக்கு, இந்தக் கடைசிச் செய்தி பத்து வயதில் விளங்கும்.

பெரியவர்களுக்கு

மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் கோலி வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும். எந்த வயதுப் பிள்ளையும் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. சூரியனின் நகர்வைக் காட்ட, காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் பிள்ளையை ஒரே இடத்தில் நிறுத்தி, அதன் நிழலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நிழலில்லா நாளில் தரையில் நட்ட குச்சிக்குச் சில நிமிடங்கள் நிழலே இருக்காது.

இதற்கெல்லாம் விலை உயர்ந்த 'கிட்' எதுவும் தேவையில்லை. எளிய பொருட்களில் அறிவியல் பொம்மைகள் செய்து, 2018-இல் பத்மஸ்ரீ பெற்ற அரவிந்த் குப்தா வாழ்நாள் முழுவதும் காட்டியது இதைத்தான். மாவும் மணலும் கடுகும் அங்கன்வாடியிலும் கிடைக்கும், பெரிய பள்ளியிலும் கிடைக்கும். அரிதாகக் கிடைப்பது பெரியவர்களின் பொறுமை. கேள்வியைக் கேட்டுவிட்டு விடையையும் நாமே சொல்லிவிடுகிறோம். குழி ஏன் அகலமாச்சு என்று பிள்ளை கேட்டால், "நீ என்ன நினைக்கிறே?" என்று திருப்பிக் கேளுங்கள். அது தப்பாகச் சொன்னாலும் மறுபடியும் கோலியைக் கொடுங்கள். எட்டுக் கோள்களின் பெயரை எந்த வயதிலும் படித்துக்கொள்ளலாம். தன் ஐயத்தைத் தானே சோதித்துப் பார்க்கலாம் என்ற துணிவு இந்த வயதில் வேரூன்ற வேண்டும். அடுத்த மூன்றாம் பிறை எந்த நாள் என்று காலண்டரைப் பாருங்கள். அன்று தொடங்கிவிடலாம்.