2 சக 3 தர 4 எத்தனை? தெரியுமா?

மட்டக்களப்புச் சந்தைக் கடைகளில் இருக்கிற சாதாரண கல்குலேற்றரில் 2 + 3 × 4 அடித்துப் பாருங்கள். 20 வரும். பிள்ளையின் சயன்ரிபிக் கல்குலேற்றரில் அடியுங்கள். 14! இரண்டிலும் பழுதில்லை, தெரியுமா? முதலாவது, அழுத்த அழுத்தக் கணக்கை முடித்துக்கொண்டே போகிறது. மற்றது, பெருக்கல் வருகிறதா என்று காத்திருக்கிறது.

பாடசாலையில் 14தான் சரி. ஏன்? வாவிக்கரைக்கு வாருங்கள். மூன்று கோர்வை மீன், கோர்வைக்கு நாலு. கையில் தனியாக இரண்டு. மொத்தம் 20 என்றால் கரையில் நிற்கிற சின்னப்பிள்ளையே சிரிக்கும்! கோர்வையை முதலில் எண்ணினால்தான் மீன் கணக்கு வரும். பெருக்கல் முந்தவேண்டும் என்பது எல்லோரும் ஏற்றுக்கொண்ட வழக்கம்; இப்படியான கணக்குக்கு அது பொருந்துகிறது.

இதைவிடப் பெரிய அதிசயம் நம் நாக்கிலேயே இருக்கிறது. "இருநூற்று முப்பத்தைந்து" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு தர நூறு, சக மூன்று தர பத்து, சக ஐந்து! "இருபத்து மூன்று" என்கிற பாலர் வகுப்புப் பிள்ளையின் வாய்க்குள்ளும் பெருக்கல் முந்தி, கூட்டல் பிந்தி நடந்து முடிந்துவிடுகிறது. கணக்குச் செய்யும் வரிசையை முதலெழுத்துகளால் நினைவூட்டும் 'பொட்மாஸ்' (BODMAS) என்ற சொல் காதில் விழப் பல வருடம் முன்பே!

அந்தப் பொட்மாஸுக்குள் ஒரு பொறி உண்டு. கூட்டல் எழுத்து கழித்தல் எழுத்துக்கு முன்னுக்கு நிற்பதால் 10 − 4 + 3 ஐ 3 என்று எழுதிப் புள்ளி இழந்த பிள்ளைகள் எத்தனை பேர்! விடை 9. கூட்டலும் கழித்தலும் சம தரம். இடமிருந்து வலம் போகவேண்டும். பெருக்கலும் வகுத்தலும் அப்படியே. அமெரிக்கப் பிள்ளைகள் பாடமாக்கும் 'பெம்டாஸ்' (PEMDAS) பெருக்கலை வகுத்தலுக்கு முன்னுக்கு வைக்கிறது. ஆனாலும் 24 ÷ 4 × 2 அங்கேயும் 12தான்.

பொட்மாஸில் இரண்டாவதாக நிற்கும் 'ஓ' எழுத்து எது தெரியுமா? ஆங்கில 'of', அதாவது நம் "இன்"! 2/3 இன் 2/3 என்றால் 4/9. யாழ் நரம்பின் 2/3 பங்கை மீட்டினால், முழு நரம்பு தரும் குரல் என்ற சுரத்துக்கு ஐந்தாம் சுரமான இளி பிறக்கும். 4/9 பங்கில் அந்த இளிக்கும் இளி! 1892இல் காரைதீவில் பிறந்து, லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்ற சுவாமி விபுலாநந்தர், 1947இல் வெளிவந்த 'யாழ் நூல்' எழுதப் பின்னக் கணக்கோடுதான் நரம்புகளை அணுகினார்.

ஆசிரியர்களே, பொட்மாஸைக் கரும்பலகையில் எழுதுமுன் ஒரு தரம் பிள்ளைகளைக் கேளுங்கள்: இருநூற்று முப்பத்தைந்துக்குள் எத்தனை பெருக்கல், எத்தனை கூட்டல்?