உங்களுக்குத் தெரியுமா? குட்டி நாயும் குட்டிப் புலியும்

நாய்க்குட்டிக்கும் புலிக்குட்டிக்கும் தொல்காப்பியத்தில் ஒரே பெயர்தான்: குருளை!

• நாய், பன்றி, புலி, முயல் நான்கின் இளமைக்கும் இந்தப் பெயர் என்கிறது அந்நூலின் மரபியல் பகுதி. நரிக்கும் பொருந்துமாம். குட்டி, பறழ் என்றாலும் தவறில்லை என்று சலுகை வேறு.

• ஆகவே பனியன் கம்பெனி கேட்டோரம், வேஸ்ட் துணி மூட்டைமேல் சுருண்டு தூங்கும் நாய்க்குட்டிக்கு ‘டைகர்’ என்று பெயர் வைத்தால் சிரிக்காதீர்கள். இலக்கணம் அதன் பக்கம்.

• ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை: இந்த நாய்களுக்கு ஊர்ப்பெயரே இனப்பெயர். ராஜபாளையம் நாய்க்கு 2005இல் தபால்தலையே வந்தது.

• 1957 நவம்பர் 3 அன்று விண்ணுக்குப் போன லைக்கா, மாஸ்கோ தெருநாய். முதலில் வைத்த பெயர் குத்ரியாவ்கா. அதாவது, சுருட்டை முடிக்காரி.