பிரசவத்தோடு தீராத இரத்த அழுத்தம்

பழனி மலையடிவாரத்தில், மலையாள தேசத்தின் அவியலுக்கும் சாம்பாருக்கும் நாள்தோறும் லாரி லாரியாகக் காய்கறி அனுப்பும் ஒட்டன்சத்திரத்துச் சந்தையில், விடியுமுன்பே வந்து முருங்கைக்காயைக் கட்டாகக் கட்டியும் தக்காளியைத் தரம் பிரித்தும் கூலி பெறும் ஸ்திரீகளிடம் இரத்த அழுத்தம் உண்டா என்று விசாரித்தால், "மாசமா இருந்தப்பப் பிரஷர் இருந்துச்சுங்க, பிள்ளை பெறந்ததும் சரியாப் போச்சு" என்று யாரேனும் ஒருத்தி சொல்லக் கேட்பது அபூர்வமன்று. சரியாய்ப் போயிற்று என்பதில்தான் சங்கடமெல்லாம் இருக்கிறது.

கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பின் அழுத்தம் 140/90 என்ற அளவை எட்டிச் சிறுநீரில் புரதமும் கண்டால், சூல்வலிப்புக்கு முந்திய நிலை என்று வைத்தியர்கள் கொள்கிறார்கள். கர்ப்பப்பையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிசுவின் தேவைக்கேற்ப விரிந்துகொடுக்காமற்போனால், போதிய இரத்தம் பெறாத நஞ்சுக்கொடி சில பதார்த்தங்களைத் தாயின் இரத்தத்தில் கலக்கிறது. அவை அவளுடைய தேகமெங்கும் குழாய்களின் உட்சுவரைப் புண்படுத்துகின்றன. நஞ்சு விழுந்ததும் காரணம் விலகுவதால் அழுத்தம் பெரும்பாலும் சில வாரங்களில் இறங்கிவிடுகிறது. ஆனால் அப்படிப்பட்டவளுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பு நேரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்பதைப் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. பிரசவ காலத்து அழுத்தம், இருபது வருஷம் கழித்து வரப்போகும் ஒன்றுக்கு முன்கூட்டி வந்த தாக்கீது.

இதை உலகம் தாமதமாகக் கவனித்ததற்கு ஒரு சரித்திரக் காரணமும் உண்டு. உயர்ந்த அழுத்தத்தை மருந்தால் குறைத்தால் உயிர் பிழைக்கும் என்று 1967இல் அமெரிக்காவில் எட்வர்ட் ஃப்ரைஸ் நிரூபித்த பிரசித்தமான பரிசோதனையில் பங்கு கொண்டவர் அனைவரும் ஆடவர். அடுத்த தசாப்தத்தில் பல மருத்துவ நிலையங்கள் சேர்ந்து நடத்திய இருதய நோய்த் தடுப்பு ஆராய்ச்சியில் எடுத்துக்கொண்ட 12,866 பேரும் ஆடவரே. 1948இலேயே பாதிக்கு மேல் ஸ்திரீகளைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிய அமெரிக்காவின் ஃப்ரமிங்ஹாம் நகரத்து இருதய ஆராய்ச்சியை விதிவிலக்கு என்றே சொல்லவேண்டும். பல தேசத்தார் கை கோத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு: 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடத்தி 2002இல் வெளியான பரிசோதனை, நம் பாட்டிமார் பேதி உப்பென்று அறிந்த மக்னீசியம் சல்பேட்டை ஊசியாகச் செலுத்தினால் சூல்வலிப்பு பாதிக்கு மேல் குறைகிறது என்று ஐயமறக் காட்டியது. அத்தனை மலிவான சரக்கு!

நம் ராஜ்யத்தில் முயற்சிக்குக் குறைவில்லை. ஒட்டன்சத்திரத்திலேயே டாக்டர் ஏ. கே. தரியனும் சகாக்களும் 1955இல் தொடங்கிய கிறிஸ்டியன் பெல்லோஷிப் ஆஸ்பத்திரி சுற்றுக் கிராமத்தாருக்கு வைத்தியம் பார்த்து வருகிறது. 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மகளிர் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். இருந்தும், 2020இல் தமிழகத்தில் நடந்த கணக்கெடுப்பில், அழுத்தம் உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது.

அளக்கும் விதத்தைச் சற்று அருகிருந்து பார்க்கவேண்டும். ரவிக்கையின் இறுக்கமான கையை மேலே சுருட்டினால் அதுவே ஒரு கட்டாகிவிடுகிறது; கூச்சத்தால் துணியின்மேலேயே பட்டையைச் சுற்றினால் கணக்குப் பிசகுகிறது. பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் இல்லாத அழுத்தம் இருப்பதாகத் தோன்றும். சந்தையில் ஒதுங்க இடமின்றிக் காலை முதல் சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தவளுக்கு அதனாலேயே பத்துப் புள்ளி கூடக்கூடும். ஐந்து நிமிஷம் சும்மா உட்காரவைத்து, முதுகுக்குச் சாய்வு கொடுத்து, பேச்சை நிறுத்தி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து இருமுறை அளக்கவேண்டும் என்பது விதி. வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது விதிக்கு யார் நேரம் கொடுப்பது?

இதைவிடப் பெரிய குறை ஏடுகளில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கர்ப்பிணியின் அழுத்தம் மாதந்தோறும், கர்ப்பிணிகளுக்கென்று அரசாங்கம் கொடுக்கும் பிக்மி எண்ணின் கீழ்ப் பதிவாகிறது. நம் பெண்களின் வாழ்நாளில் இவ்வளவு ஒழுங்காக அது அளக்கப்படும் காலம் வேறில்லை. அதன்பின் தொற்றா நோய்களுக்கான தேசியப் பரிசோதனைத் திட்டமோ 30 வயது நிரம்பியவர்களையே தேடுகிறது. 22 வயதில் பிரஷரோடு பிள்ளை பெற்றவள், எட்டு வருஷம் கழித்து வேறொரு துறையின் வேறொரு ஏட்டில் புதிய மனுஷியாகப் பெயர் எழுதிக்கொள்கிறாள். பேறுகாலத்துக் கணக்கு பின்னதில் ஏறாவிட்டால், ஆராய்ச்சியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

இதற்குப் புதிய யந்திரம் வேண்டியதில்லை. வீட்டு வாசலில் வந்து நிற்கும் தன்னார்வலர், "பிரசவத்தப்பப் பிரஷர் இருந்துச்சாக்கா?" என்று கேட்டு விடையைக் குறித்துக்கொண்டால், ஆம் என்றவளை வருஷந்தோறும் தவறாமல் அளக்க வழி பிறக்கும். அதோடு, மறுபடி கருவுற்றால் 16 வாரத்துக்குள் வைத்தியர் ஆலோசனைப்படி சிறிய அளவில் ஆஸ்பிரின் தொடங்கி அந்த வியாதி திரும்பும் வாய்ப்பைக் குறைக்கலாம். அழுத்தத்துக்கென்று டெல்மிசார்டன் விழுங்கி வருகிறவளானால், அது கருவிலுள்ள சிசுவுக்கு ஆகாதாகையால், கருத்தரிக்குமுன்பே மருந்தை மாற்றியும் கொடுக்கலாம்.