வெப்பமான குளிர்காலமும் வசந்தகாலத்தின் முன்வரவும்

மிதவெப்ப மண்டலப் பகுதிகளில் குளிர்காலம் முன்பைவிட வெப்பமாக அமைவதால், மரங்கள் துளிர்ப்பது, பூப்பது, பூச்சிகள் பொரிப்பது, பறவைகள் முட்டையிடுவது ஆகிய வசந்தகால நிகழ்வுகளின் நாட்கள் மாறிவருகின்றன. இந்நிகழ்வுகளின் காலத்தை ஆராயும் துறை பருவ நிகழ்வியல் எனப்படும். பெரும்பாலான இடங்களில் வசந்தம் முந்துகிறது. ஆனால் சில இடங்களில் அதே வெப்பம் பூப்பதைத் தாமதப்படுத்தவும் செய்கிறது.

உறக்கநிலையும் குளிர்த் தேவையும்

ஆப்பிள், செர்ரி, பீச் போன்ற மரங்களில் அடுத்த ஆண்டுக்கான பூமொட்டுகள் முந்தைய கோடையிலேயே உருவாகிவிடுகின்றன. இலையுதிர்காலத்தில் அவை உறக்கநிலைக்குச் செல்கின்றன. உறக்கம் கலைய முதலில் குறிப்பிட்ட அளவு குளிர் வேண்டும். பொதுவாக 0 முதல் 7 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலையில் கழியும் நேரம் இதற்குக் கணக்கில் கொள்ளப்படுகிறது. இதைக் குளிர் மணிநேரம் என்பர். அதன் பின்னரே வெப்பம் சேரச் சேர மொட்டு விரியும். திசம்பரில் நான்கு நாள் வெயில் அடித்தால் மரம் ஏமாந்து பூத்துவிடாமல் காப்பது இந்த ஏற்பாடுதான்.

எனவே குளிர் மிகுதியாக உள்ள இடத்தில் சற்று வெப்பம் கூடினால் குளிர்த் தேவை எப்படியும் நிறைவேறி, பூப்பது முந்துகிறது. குளிர் ஏற்கெனவே மட்டாக உள்ள இடத்தில் அத்தேவை நிறைவேறாமல், மரம் தாமதமாகவும் விட்டுவிட்டும் பூக்கிறது.

இரு போக்குகளும் சப்பானில் காணப்படுகின்றன. கியோத்தோ நகரில் செர்ரி பூத்த நாட்கள் 9ஆம் நூற்றாண்டு முதல் அரசவையினர், துறவிகள் ஆகியோரின் நாட்குறிப்புகளில் பதிவாகியுள்ளன. விருந்துக்காகக் குறிக்கப்பட்ட நாட்கள் காலநிலை ஆய்வுக்குத் தரவானது நற்பேறே. யசுயுக்கி அவோனோ என்ற ஆய்வாளர் இவற்றைத் தொகுத்தார். நெடுங்காலம் ஏப்ரல் நடுப்பகுதியை ஒட்டி அமைந்த முழுப்பூப்பு, 2021இல் மார்ச்சு 26 அன்றே நிகழ்ந்தது. அதற்கு முன் மிக முந்தியது 1409ஆம் ஆண்டின் மார்ச்சு 27 ஆகும். நகரமயமாதலால் கூடிய வெப்பத்துக்கும் இதில் பங்குண்டு. மாறாக, தெற்கேயுள்ள ககோசிமாவில் வெப்பமான குளிர்காலத்தை அடுத்து, வடக்கேயுள்ள தோக்கியோவுக்குப் பிறகே செர்ரி பூத்த ஆண்டுகள் உண்டு.

உறைபனி இடர்

உறங்கும் ஆப்பிள் மொட்டு கடுங்குளிரையும் தாங்கும். விரிந்த பூவோ -2 பாகையில் கருகத் தொடங்கும். -4 பாகையை நெருங்கினால் பெரும்பாலானவை மடிந்துவிடும். பூக்கும் நாள் முந்தும் அளவுக்குக் கடைசி உறைபனி நாள் முந்தாதபோது இழப்பு நேர்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2012 மார்ச்சில் கோடை போன்ற வெயில் அடித்து மரங்கள் விழித்தன. ஏப்ரலில் உறைபனி திரும்பியது. அவ்வாண்டு ஆப்பிள் விளைச்சல் வழக்கத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது.

உணவுச் சங்கிலி

மரங்களும் கம்பளிப்புழுக்களும் பெரிதும் வெப்பநிலையைப் பின்பற்றுகின்றன. ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழிக்கும் கருப்பு வெள்ளை ஈப்பிடிப்பான், பெரிதும் பகல்பொழுதின் நீளத்தைக் கொண்டே ஐரோப்பாவுக்குப் புறப்படுகிறது. நெதர்லாந்தில் புழுக்கள் மிக முன்னதாகப் பெருகும் காடுகளில், குஞ்சுகளுக்கு உணவு கிட்டாமல் இப்பறவையின் எண்ணிக்கை கடுமையாகச் சரிந்தது.

இமாச்சலப் பிரதேசம்

இந்தியாவில் இம்மாற்றம் நேரடியாகப் பிழைப்பைத் தொட்டது இமாச்சலப் பிரதேசத்தில் ஆகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாமுவேல் இசுடோக்சு கோட்கட் பகுதியில் அறிமுகப்படுத்திய டெலிசியசு வகை ஆப்பிள்களுக்கு ஏறத்தாழ 1,000 மணிநேரக் குளிர் தேவை. பனிப்பொழிவு குறைந்ததால் குல்லுப் பள்ளத்தாக்கின் தாழ்வான பகுதிகளில் பல உழவர்கள் மாதுளை, கிவி, காய்கறிகளுக்கு மாறினர். சிலர் 300 மணிநேரத்துக்கும் குறைவான குளிரே போதுமான அன்னா போன்ற வகைகளை நட்டனர். முன்பு ஆப்பிளுக்கு மிகக் குளிரானது எனக் கருதப்பட்ட இலாகவுல்-இசுபிதியில் இப்போது தோட்டங்கள் பெருகியுள்ளன. ஆனால் தாழ்நிலத்து உழவருக்கு அங்கு நிலமில்லை. புது மரம் காய்க்கவும் சில ஆண்டுகள் ஆகும்.